கடலுக்குப் போன கடைசிப் பங்கு

நூலகர் உத்தியோகத்தில் பாதிக் காலம் "சத்தம் போடாதீங்க" என்று அதட்டுவதில் போகும். வாசகர் வட்டம் ஒன்றை ஆரம்பித்துத் தொலைத்தால் மீதிக் காலம் "யாராவது ஏதாவது பேசுங்க" என்று கெஞ்சுவதில் போகும். கெஞ்சிப் பழகிய சக தியாகிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். உங்கள் தலையிலும் ஒருநாள் விழும்.

எங்கள் கிளை நூலகம் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இருக்கிறது. கீழே பேப்பர் படிப்பவர்கள், மாடியில் ஒரு காலிக் கூடம். வாசகர் வட்டம் காகிதத்தில் எப்போதோ இருந்தது. ஆள்தான் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்.

பேனரில் ஒரு கண்ணாடி

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தேன். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஊரே சும்மா இருக்கும், வீட்டில் உட்கார்ந்தால் சண்டை வரும். இலக்கியத்துக்கு இதைவிட நல்ல பருவம் ஏது? வாசலில் பேனர் கட்டினேன். அழகுக்காக அதில் ஒரு மூக்குக்கண்ணாடி வரையச் சொன்னது என் சொந்த யோசனை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூடம் நிரம்பி வழிந்தது. எனக்குக் கண்கள் பனித்தன. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோரும் இலவசக் கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் பாதிப் பேர் என் குலத்தை விசாரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் கஸ்தூரி அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று, நான் நீட்டிய புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி குடுக்காம புக்க மட்டும் குடுத்தா இன்னா பண்றது மேடம், மோந்து பாக்கறதா?"

ஃபேனுக்கு அடியில் ஒரு விமர்சகர்

லூர்துசாமி அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலைப் பூசை முடிந்தால் அவருக்கு வேறு ஜோலி கிடையாது. வீட்டில் டிவி மனைவி வசம், ஃபேன் மகன் வசம். ஆகவே அவர் இலக்கியத்துக்கு வந்தார். கூடத்தில் ஒழுங்காகச் சுற்றும் ஒரே ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைப் பட்டா போட்டுக்கொண்டார்.

எந்தப் புத்தகத்தையும் அவர் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைப்போல் அடித்துப் பேச ஆளில்லை. ஒரு கதையைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு அவர் தண்ணீர் குடித்த நேரத்தில், அந்தக் கதையைப் படித்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். என் அறியாமையைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"படிச்சிட்டு யாரு வோணா பேசுவான் மேடம். படிக்காம பேசறதுதான் தெறம."

மூணு பங்கு

எல்லோரும் ஒரே நாவலைப் படித்து விவாதிக்க வேண்டும் என்பது என் ஆசை. அலமாரியில் இருந்ததோ ஒரே பிரதி. அதுவும் பைண்டிங் விட்டு மூன்று துண்டாகக் கிடந்தது. நான் பசையைத் தேடும்போது, விசைப்படகு டிரைவர் தேசப்பன் தடுத்தார். படகில் பிடித்த மீனைப் பங்கு போடுவதுபோல் போட்டால் போச்சு என்றார். ஒரு துண்டு ஒருவருக்கு. அவர் வீட்டில் படித்துவிட்டு ஞாயிறன்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அடுத்த பங்குக்காரர் முந்திக்கொண்டு வாயைத் திறக்கக் கூடாது. எந்த நூலகப் பயிற்சியிலும் எனக்கு இந்த முறையைச் சொல்லித்தரவில்லை.

முதல் பங்கு லூர்துசாமி அண்ணனுக்கு. கதாநாயகி சரோஜாவைக் கட்டியவன் கப்பலேறி ஓடிப்போனதையும், அந்தத் துக்கத்தில் அவள் அப்பா செத்ததையும் அவர் உருக்கமாகச் சொன்னார். அடக்கப் பூசையை அவர் விவரித்தபோது பின்வரிசையில் மூக்கு சிந்தினார்கள். அடுத்த வாரம் கஸ்தூரி அக்கா இரண்டாம் பங்கோடு, மூக்கில் கடன் வாங்கிய கண்ணாடியோடு வந்தார். அதில் அப்பா உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். செத்தவன் எப்படிச் சோறு தின்பான் என்று கூடமே அண்ணனைப் பார்த்தது. அண்ணன் அசரவில்லை.

"நான் சாவடிச்ச ஆள எழுதனவரு ஏன் உசுரோட வெச்சிகீறாரு? அத்த போய் அவராண்ட கேளுங்க."

ஒரு புகார்

கீழே தினமும் பேப்பர் படிக்கும் கனவான் ஒருவர், மாடியிலிருந்து வரும் புத்தகங்களில் மீன் வாடை அடிக்கிறது என்று என்னிடம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். நூலகத்தின் கண்ணியம் குறித்து நீண்ட விளக்கமும் கொடுத்தார். அப்போது புத்தகம் திருப்பித் தர வந்த கஸ்தூரி அக்கா அதைப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமை எனக்கு நல்லதாகப் படவில்லை.

"நீ எடுக்கற புக்குல தூசி வாடதான் வருது நைனா, என் புக்குல ஆளு படிச்ச வாட வருது."

மேலதிகாரி வந்தார்

கஸ்தூரி அக்காவின் பங்கு முடிந்த இடம் அப்படி. ஓடிப்போன கணவன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே சரோஜா எழுந்து நிற்கிறாள். அதோடு துண்டு முடிந்துவிட்டது. மூன்றாம் பங்கு தேசப்பன் கையில், அவர் வாயைத் திறக்கவில்லை. சரோஜா கதவைத் திறப்பாள் என்று ஒரு கட்சி, திறந்தால் அவள் பொம்பளையே இல்லை என்று ஒரு கட்சி. கஸ்தூரி அக்கா ஏலக் குரலில் பேசினால் எண்ணூர் வரை கேட்கும்.

மேலதிகாரி பார்வையிட வந்தது அந்த நேரத்தில்தான். படியேறி வந்தவர் வாசலிலேயே நின்று, போலீசுக்குச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டார். வாசகர் வட்டம் என்றேன். நம்பவில்லை. நூலகம் என்றால் அவருக்கு அமைதி, மக்களே. இரண்டு வாரம் கழித்து ஞாயிறன்று மறுபடி வருவேன், இதே இரைச்சல் இருந்தாலோ ஆளே இல்லாவிட்டாலோ கூடத்தைப் பூட்டி உடைந்த நாற்காலிகளைப் போட்டுவிடலாம் என்றார். உடைந்த நாற்காலி சத்தம் போடாது அல்லவா.

நான் நாள்காட்டியைப் பார்த்தேன். அதற்குள் தடைக்காலம் முடிந்துவிடும், ஆண்கள் கடலில் இருப்பார்கள், பெண்கள் ஏலத்தில் இருப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை பேஜாருக்கும் நடுவில் வாரம் பூராவும் நான் காத்துக்கிடந்தது அந்த ஞாயிறு மாலைக்குத்தான். அது போய்விடுமே என்று கலங்கி நின்றேன். கஸ்தூரி அக்கா அதிகாரியைச் சமாதானப்படுத்த முன்வந்தார்.

"சண்ட இல்ல சார், அமைதியாதான் புக்கு படிச்சிகினு கீறோம். சண்டன்னா இன்னான்னு காட்டட்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை

தடை முடிந்த இரவே படகுகள் கிளம்பின. தேசப்பனும் கிளம்பினார், நாவலின் மூன்றாம் பங்கோடு. பாலிதீன் பையில் சுற்றி, டிரைவர் கேபினில் வைத்தபடியே மறந்து போய்விட்டாராம். சரோஜா கதவுக்கு உள்ளே, கணவன் வெளியே, முடிவு வங்கக் கடலில்.

ஞாயிறு மாலை நான் சாவியோடு மாடியேறியபோது பின்னாலேயே காலடிச் சத்தம். கஸ்தூரி அக்கா, அவரோடு ஏலத்துப் பெண்கள், லூர்துசாமி அண்ணன், இதுவரை வராத முகங்கள்கூட. தேசப்பனின் படகு கரை சேர்ந்துவிட்டது, மீனை இறக்கிவிட்டு நேராக இங்கே வருகிறார் என்று தகவல். கதவு திறந்ததா என்று தெரியாமல் அவர்களுக்கு வேலை ஓடவில்லையாம். ஆனால் முந்தின நாள் நள்ளிரவிலிருந்து ஏலத்தில் நின்றவர்கள் அவர்கள். காத்திருக்கட்டும் என்று ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். விரித்து மடியில் வைத்தார்கள். ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அண்ணன் எப்போதோ கவிழ்ந்திருந்தார்.

அதிகாரி வந்தார். நிறைந்த கூடம், குனிந்த தலைகள், ஊசி விழுந்தால் கேட்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் ஒரு சுற்று வந்தார். யாராவது குறட்டை விட்டுவிடப் போகிறார்களே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இவ்வளவு ஆழ்ந்து படிக்கிறவங்களை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லைம்மா. கூடம் உங்களுக்குத்தான், இதே மாதிரி நடத்துங்க."

முடிவும் ஆரம்பமும்

அவருடைய ஜீப் தெருமுனை திரும்பியதும் தேசப்பன் வந்தார், கூடவே அவர் படகின் ஆட்கள் அத்தனை பேரும், ஐஸ் வாடையோடு. கூடம் ஒரே நொடியில் விழித்துக்கொண்டது. சரோஜா கதவைத் திறந்தாள் என்றார் தேசப்பன். ஒரு கட்சி எழுந்து நின்றது. உட்காரவைத்துச் சோறு போட்டாள், அவன் கை கழுவி முடித்ததும் வாசலைக் காட்டினாள் என்றார். இன்னொரு கட்சியும் எழுந்து நின்றது. ஜெயித்தது தாங்கள்தான் என்று இரண்டு கட்சியும் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. அதட்டவே தோன்றவில்லை எனக்கு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

படகு ஆட்கள் எதற்கு வந்தார்கள் என்று அப்புறம்தான் கேட்டேன். கடலில் வலை போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் தேசப்பன் மூன்றாம் பங்கைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். லூர்துசாமி அண்ணன் உடனே தொண்டையைச் செருமி, ஆரம்பக் கதையைச் சொல்லத் தயாரானார். தேசப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முடிவு தெரிஞ்சிபோச்சி, ஆரம்பம் இன்னான்னு கேட்டு உசுர வாங்கறானுங்கோ மேடம். அண்ணன் சொல்ற ஆரம்பம் வோணாம், புக்குல கீற ஆரம்பத்த குடு."

ஆக, சக தியாகிகளே, வாசகர் வட்டம் தழைக்க வேண்டுமானால் கதையின் முடிவைக் கடலுக்கு அனுப்பிவிட வேண்டும், அதிகாரி வரும் நேரத்தில் மட்டும் எல்லோரும் தூங்கிவிட வேண்டும்.