மாப்பிள்ளை இறங்காத கார்

என் கணவர் வாங்கியபோது அந்தக் காருக்குப் பதினெட்டு வயது. கொழும்பில் ஒரு கம்பனி அதிகாரி ஓட்டியதாம், தோல் இருக்கையாம், மெத்தையில் போவது மாதிரி இருக்குமாம். கொழும்பில் மேடு கிடையாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஹட்டன் கடைத்தெருவில் எங்கள் பலசரக்குக் கடைக்கு முன்னால் நிறுத்திய அன்றே, அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியது.

"புது இடம்ல, அதான்" என்றார், மாடு வாங்கி வந்தவர் மாதிரி.

பிறகு கொட்டகலை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. ரேடியேட்டரை அடைத்தால் வாட்டர் பம்ப் ஒழுகியது. பம்பை மாற்றினால், தேயிலைத் தோட்டத்து ரோட்டுப் பள்ளங்களில் முன்சக்கரம் இரண்டும் மடமடவென்று அடித்துக்கொண்டன. ஒவ்வொரு முறையும் கராஜ்காரர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "சின்ன வேலைதாங்க முதலாளி." அந்த வருஷம் அவருடைய கராஜுக்குப் புதுக் கூரை போட்டார். அதில் பாதித் தகரம் எங்களுடையது.

கடைசியில் கியர் பாக்ஸ். என்ஜின் கத்தும், வண்டி நகராது. புதுசாக மாற்ற, காரின் விலையில் பாதி கேட்டார்கள். என் கணவர் ஒயிலை மட்டும் மாற்றச் சொன்னார்.

"மாத்திட்டேன். ஆனா மேடு மட்டும் ஏத்தாதீங்க" என்றார் கராஜ்காரர்.

ஹட்டனில் மேடு ஏறாமல் கட்டிலுக்குத்தான் போகலாம்.

இந்த நிலையில்தான் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அப்பா அம்மாவோடு வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கணக்காளர் வேலை. அவருடைய தாய்மாமன் போனில் பேசும்போதெல்லாம், "மாப்பிள்ளைக்கு வாகனம் ஏதும் யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். ரயிலில் வந்தால் வட்டகொடையிலேயே இறங்கலாம். என் கணவருக்கு அது கௌரவக் குறைச்சல். "ஹட்டன்ல எறங்கிருங்க. நம்ம காருல கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

முன்னால் மாப்பிள்ளை. பின்னால் அவருடைய அம்மா, தாய்மாமன், நான். தலவாக்கலை தாண்டும்வரை என் கணவர் காரின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். தோட்டத்துப் பாதையில் திரும்பி, வீட்டுக்குக் கீழே உள்ள கடைசி வளைவுக்கு வந்ததும் என்ஜின் கத்தியது. வண்டி நின்றது. கருகல் வாடை அடித்தது. பின்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி வந்து ஹோர்ன் அடிக்க ஆரம்பித்தது.

"கொஞ்சம் ஓரமாத் தள்ளிட்டா லொறி போயிரும்" என்றார் என் கணவர், ஸ்டியரிங்கை விடாமல்.

நான் இறங்கினேன். தாய்மாமன் முனகிக்கொண்டே இறங்கினார். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் காலை வைத்தார். மாப்பிள்ளை இறங்கவில்லை.

"ஷூ புதுசும்மா. நீங்க தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று பேர் தள்ளி அந்தக் கார் அசையுமா? ஞாயிற்றுக்கிழமை என்பதால் கைக்காசுக்கு, அதாவது எடுத்த கிலோவுக்கு அன்றைக்கே கூலி என்று, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள், கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். வண்டி ஓரத்துக்கு வந்ததும், அவர்களில் ஒரு அக்கா குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏன் தம்பி, காலுக்குச் சொகமில்லையா?"

மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றப் பொத்தானை அழுத்தினார். அந்தக் கதவின் கண்ணாடி எப்போதோ கதவுக்குள்ளே விழுந்துவிட்டது. எல்லோரும் சிரிப்பதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்க வேண்டியிருந்தது.

நடந்து ஏறினோம். வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வளைவு முழுவதும் தெரியும். சுடுதண்ணீரும் துவாயும் கொண்டுவந்து, முதலில் அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் கால் கழுவும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகுதான் எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "பொண்ணுக்குச் சம்மதம்தானே?"

"இல்லைங்க" என்றாள் தங்கை. "அம்மா சேத்துல நின்னு தள்ளுறப்ப உள்ள உக்காந்திருந்தவங்கள நான் கட்டிக்க மாட்டேங்க."

அப்பா பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி சரியில்லாததுக்கு மாப்பிள்ளை என்னாம்மா பண்ணுவாரு?" என்றார் தாய்மாமன்.

"நான் வண்டியச் சொல்லலீங்க."

மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தார். அது நடந்து வந்ததில் எப்படியும் சேறாகியிருந்தது. அவருடைய அம்மாதான் எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் தங்கையின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு, மகனிடம், "வா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் நடந்தே இறங்கினார்கள்.

"கியர் பாக்ஸ மாத்தியிருந்தா இந்தக் கல்யாணம் நடந்திருக்கும்" என்று என் கணவர் புலம்பினார்.

"மாத்தாம விட்டீங்களே, அது ஒன்னுதான் நீங்க செஞ்ச நல்ல காரியம்" என்றேன்.

காரைக் கராஜ்காரரே லொறியில் ஏற்றிக்கொண்டு போய், கழற்றி உறுப்பு உறுப்பாக விற்றார். எங்களுக்குக் கிடைத்தது சொல்லும்படி இல்லை. தங்கை அதே பாடசாலையில் நிம்மதியாகப் படிப்பித்துக்கொண்டிருக்கிறாள். என் கணவர் இப்போது பஸ்ஸில் போகிறார். டிரைவர் கியர் மாற்றத் தெரியாதவர் என்று வழியெல்லாம் என்னிடம் குறை சொல்லிக்கொண்டே வருவார்.