பஸ்ஸில் போய்ப் படிக்கிற வெளிநாட்டுப் படிப்பு

சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அப்பா துள்ளிக் குதித்தார். அம்மா ஒரேயடியாக முடியாது என்றாள். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சம் நாளானது.

பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அரசியல், வரலாறு, பொருளாதாரம், கூடவே பிரெஞ்சு. கடைசி வருடம் அகதிகள் பற்றிய பாடத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும். நினைத்தாலே ஜிவ்வென்று இருந்தது. இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்ன நான், கல்லூரி எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். வேலை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சைட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த படிப்பு. நாடுகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அந்தந்த நாட்டுக்குத்தானே போக வேண்டும்? சைட்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், ஹனூரில் இருக்கும் மாமாவுக்கும் போன் போட்டுச் சொன்னார். அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள். எனக்கோ எரிச்சல். ஒரு படிப்புக்கு இவ்வளவு கூத்தா?

"ஏனம்மா, ஃபாரின்கே ஹோக்தீயந்தே?" என்று மளிகைக் கடைக்காரர் கன்னடத்தில் கேட்டபோதுதான், நான் வெளிநாடு போவதாக அப்பா சொல்லிக்கொண்டு திரிகிற விஷயமே எனக்குப் புரிந்தது. சர்க்கரையைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா! யாரு ஃபாரின் போறா? காலேஜு இங்க மைசூர்லயே இருக்குது. சிட்டி பஸ்ல ஏறுனா அரை மணி நேரம்!"

அவர் முகம் விழுந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நகத்தில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நாட்டப் பாக்காமயே நாட்டப் பத்திப் படிப்பியா? அதுக்குப் பேசாம பி.காம். படி கண்ணு. ஆடிட்டர் ஆபீஸ்லயாச்சும் உக்காரலாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, புள்ள ஆசப்பட்டதப் படிக்கட்டும். காலைல பஸ்ல போனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவா. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அன்று எனக்காக அப்பளம் பொரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் விழுங்க முடியவில்லை.

"அம்மா, இத முடிச்சிட்டு மேல்படிப்புக்கு வெளிநாடு போவேன். கெடச்சா கண்டிப்பாப் போவேன். இப்பவே சொல்லிப் போட்டேன். அப்பறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

அம்மா அடுப்பை அணைத்தாள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன வருசம் கழிச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"மூணு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம் முடிஞ்ச மக்யா நாளே என்னய மைசூர் பஸ்ல ஏத்தி உட்டுட்டாங்க. எங்கம்மாவுக்கு அழுவக்கூட நேரமில்ல. எனக்கு மூணு வருசம் இருக்குதல்ல?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "அவ போகத்தான் போறா. நாளைக்கே கூட்டிட்டுப் போயிச் சேத்து உடுங்க" என்றாள்.