தலையணை உறை போட்ட கார்

பொய் சொல்கிறவர்களை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே உள்ள எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் பாதிப் பேர் படிப்பதில்லை, குத்துமதிப்பாக அடித்துவிடுகிறார்கள். முன்னால் போனவர் படித்ததைக் காதில் வாங்கி, அப்படியே ஒப்பிக்கிற ஆசாமிகளும் உண்டு. எல்லாரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இதுல என்ன வெக்கம்?" இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர்தான் அந்தக் காரியத்தையும் செய்தார்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. இருமிக்கொண்டே கிளம்பும். பின் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தங்கும் அவருடைய சகலை அதற்குத் 'தாத்தா' என்று பெயர் வைத்திருந்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "தாத்தா இன்னும் உசுரோடதான் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு கண்ணாடிக்காரரின் மனைவியைப் பார்த்துச் சிரிப்பார். கண்ணாடிக்காரரும் கூடவே சிரித்து வைப்பார். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவை சகலை வருவதற்குச் சற்று முன்னால்தான் தாத்தா நடுரோட்டில் படுத்துவிட்டது. மெக்கானிக் அதை இழுத்துப் போய்விட்டு, தன் ஒர்க்‌ஷாப்பின் மாற்று வண்டியைக் கொடுத்தனுப்பினார். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். சொந்த வண்டி தயாரானதும் இதைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், அடுத்தவர் எடுத்துப் போவார். கையெழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். வண்டியோ பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. முன் சீட்டுகளின் தலைசாய்ப்பில் மட்டும் ஒர்க்‌ஷாப்பின் பெயரைச் சிவப்பு நூலில் பெரிதாகத் தைத்திருந்தார்கள்.

சகலை வந்து இறங்கினார். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பரவாயில்லையே சகலை, ஒருவழியா தாத்தாவ வழியனுப்பிட்டீங்க போலிருக்கு" என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கண்ணாடிக்காரர் புன்னகை செய்தார். அதோடு தீர்ந்தது.

மறுநாள் காலை, சகலை வண்டிக்குள் ஏறும் முன்பே, இரண்டு தலையணை உறைகள் அந்தத் தலைசாய்ப்புகளின் மேல் ஏறியிருந்தன. உறைகளைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிய மனைவி, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். பிற்பாடு என்ன சொல்லிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டாள். விற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். மெக்கானிக் போன் செய்து, தாத்தா தயார், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றபோது, தான் வெளியூரில் இருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னார். சகலை கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை. ஒரு பொய் வாயைத் தாண்டிவிட்டால் அடுத்தது கூப்பிடாமலே வந்து நிற்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போகும் வழியில், எதிர்வீட்டு டெய்லரும் அவர் மனைவியும் பஸ் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை மடக்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் வண்டியை நிறுத்தினார். இரக்கம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. புது வண்டியைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் கொஞ்சம் இருந்தது.

முன் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அந்த அம்மாவை உட்காரவைத்தார்கள். டெய்லர் பின்னால் ஏறிக்கொண்டார். இருவரும் மாற்றி மாற்றி அவரை வாழ்த்தினார்கள். டெய்லரின் வண்டியும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறதாம். தினமும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறார்களாம்.

"மாத்து வண்டி ஒண்ணு இருக்கு சார். அதையும் எவனோ ஒருத்தன் எடுத்துட்டு வெளியூர் போயிட்டானாம். ஞாயித்துக்கிழமைதான் வருவானாம். கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்? இவ பஸ்ல ஏறுறப்ப படற பாட்டை அவன் ஒரு தடவை பாக்கணும்..."

கண்ணாடிக்காரர் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் பின் சீட்டு டெய்லர் தெரிந்தார். பேசிக்கொண்டே, மனைவியின் தலைக்குப் பின்னால் கோணலாகத் தொங்கிய உறையைச் சரிசெய்யக் கையை நீட்டினார். துணி கசங்கியிருந்தால் அவர் கை சும்மா இருக்காது. இழுத்ததும் உறை கையோடு வந்துவிட்டது. உள்ளே சிவப்பு நூல். அந்த எழுத்துகளைத் தைத்ததே அவர்தான் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. டெய்லர் தன் தையலை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்ததிலிருந்துதான் புரிந்துகொண்டார்.

பேச்சு பாதியில் நின்றது. என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார் டெய்லர். உறையை மறுபடி மாட்டினார். சட்டை ஓரத்தில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து, அது நழுவாதபடி அடியில் குத்திவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாங்க பஸ்லயே பாத்துக்கறோம் சார். வீட்டுல விருந்தாளி இருக்காங்க இல்ல" என்றார். குரலில் குத்தல் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கண்ணாடிக்காரருக்கு.

நேராக ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனார். ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்ட மெக்கானிக்கிடம், போகவே இல்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவர்களுக்கு வண்டியை உடனே அனுப்பச் சொன்னார். தாத்தா இருமிக்கொண்டு வீடு திரும்பியபோது சகலை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது கண்ணாடிக்காரருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த மாதம் டெய்லர் கடைக்கு வந்தார், ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். 'தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க' என்று தினமும் சொல்லும் வாக்கியத்தைக் கண்ணாடிக்காரர் அன்று சொல்லவில்லை. "படிங்க" என்று மட்டும் சொன்னார்.

டெய்லர் மேலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"இது தெரியலைங்க" என்றார்.