ரோபோவுக்குத் தைத்த சட்டை

அந்த ஆர்டரை எடுக்கச் சொல்லி முதலாளியிடம் மல்லுக்கு நின்றவள் நான்தான். ஒரு கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் ரோபோக்களின் கைகளுக்குப் பனியன் துணியில் உறை வேண்டுமாம். ஊருக்கே பனியன் போட்டுவிடும் திருப்பூருக்கு ஒரு ரோபோவுக்குச் சட்டை தைக்கத் தெரியாதா என்று வாய் கிழியப் பேசினேன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு மெஷின்கூடக் கிடையாது. துணி பின்னும் நிட்டிங், அதைப் பதப்படுத்தும் பினிஷிங், தையல் எல்லாமே வெளியே கொடுத்து வாங்குவதுதான். அத்தனை பேரையும் மேய்ப்பது என் வேலை. தெற்கேயிருந்து பிழைக்க வந்து, பேக்கிங்கில் ஆறு வருடம் அட்டைப்பெட்டி மடித்த பிறகு கிடைத்த நாற்காலி அது.

முதல் சாம்பிள் போன வேகத்தில் திரும்பி வந்தது. அடித்த பெயின்டில் குட்டிக் குட்டிக் குழிகள். உறைத் துணியில் சிலிகான் இருக்கிறது, அது துளி பட்டாலும் பெயின்ட் விலகிக் குழி விழும் என்று எழுதியிருந்தார்கள்.

"இன்னொருக்கா திரும்பி வந்துச்சுன்னா நீங்க பழையபடி பேக்கிங்குக்கே போயிருங்க" என்றார் முதலாளி. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே மண்ணரையில் இருக்கும் பட்டறைக்குப் போய், பினிஷிங் செய்து கொடுத்தவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, சிலிகான் போட்டீகளா?"

"பின்ன போடாம இருப்பனுங்களா? துணி மெத்துன்னு இருக்கோணுமில்லீங்க?"

"நான் போடச் சொன்னேனா?"

"சொல்லாட்டி என்னங்க, நம்ம துணியாச்சேன்னு ரெண்டு மடங்காவே போட்டனுங்க."

அடப்பாவி மனுஷா! யாரும் கேட்காமலே துணியை மிருதுவாக்கித் தருவது இந்த ஊர்ப் பழக்கம். அந்தப் பிரியம்தான் என் நாற்காலிக்கு உலை வைத்தது. பக்கத்திலேயே நின்று, துணி நனைக்கும் தொட்டியை, ஒட்டியிருந்த சிலிகான் போக வெந்நீர் விட்டு இரண்டு தடவை கழுவ வைத்தேன். அன்றைக்கு முதல் துணியாக எங்கள் புதுத் துணியைச் சிலிகான் இல்லாமல் ஓட்டினார்கள்.

அடுத்து நல்லூரில் தையல். மெஷினைத் துடைத்து உட்கார்ந்த அக்கா, நூல் இரண்டு முறை அறுந்ததும் கைப்பழக்கத்தில் சிலிகான் எண்ணெய் டப்பாவை நூல்கண்டின் மேல் சாய்க்கப் போனார். பாய்ந்து பிடுங்கினேன்.

"எண்ணெ உடாட்டி நூலு அந்துக்கிட்டே இருக்குங்க!"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. கோத்துக் கோத்துத் தைங்க."

"இரும்புக் கைக்கு இத்தன பத்தியமா! புள்ளத்தாச்சிக்குக்கூட நாங்க இப்பிடிப் பாத்ததில்லீங்க." சிரித்துக்கொண்டே, அறுந்த நூலைக் கோத்துக் கோத்துத் தைத்து முடித்தார்.

சோதனைக்கு முதலாளியும் நானும் அந்தத் தொழிற்சாலைக்கே போனோம். எங்கள் உறையை மாட்டிக்கொண்டு ரோபோ ஒரு கார் கதவுக்குப் பெயின்ட் அடித்தது. சூட்டில் காய்ந்து வந்த கதவின் மேல் இன்ஜினியர் விளக்கைப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"ஒரு குழிகூட இல்லை" என்றார்.

ஜெயித்துவிட்டேன்! அத்தனை பேருக்கு நடுவில் கைதட்டிவிட்டேன். வெட்கமாவது ஒன்றாவது.

மாதாமாதம் உறை வேண்டும், இனி யாரிடம் பேசுவது என்று இன்ஜினியர் கேட்டார். முதலாளி தன் விசிட்டிங் கார்டை எடுத்தார். அதைத் திருப்பிப் பின்பக்கம் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதி நீட்டினார்.

"இவிங்ககிட்டயே பேசிக்குங்க. இதுல இவிங்க சொன்னா நானே கேட்டுத்தானுங்க ஆகோணும்."