இரண்டு ஊரில் ஒரு கையெழுத்து

சண்முகவள்ளியின் மேசை இழுப்பறையில் எப்போதும் அதிகாரியின் வட்ட முத்திரை இருக்கும். கொடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்துக்கு அவள் உதவியாளராக வந்த பிறகு அதிகாரிகள் பலர் மாறினார்கள். முத்திரை இடம் மாறவில்லை. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் புதிதாக வருபவரிடம், "எல்லாம் இந்தம்மாகிட்ட இருக்கு" என்பார். அதில் அவளுக்குப் பெருமை இருந்ததா என்று தெரியவில்லை. இழுப்பறையைப் பூட்டி, இழுத்துப் பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை என்பது மட்டும் தெரியும்.

இணையவழி டெண்டர் வந்தபோது அதிகாரி ராஜ்மோகனுக்கு ஒரு டிஜிட்டல் கீ தந்தார்கள். பென் டிரைவ் போன்ற சிறிய பொருள். கணினியில் செருகிக் கடவுச்சொல்லை அடித்தால் அதுதான் அவருடைய கையெழுத்து. வாங்கிய அன்றே அதை முத்திரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டார். முத்திரையை யார் குத்தினாலும் ஒரே மாதிரிதான் விழும். அதன் மேல் போடும் கையெழுத்துதான் ஆளைச் சொல்லும். இந்தக் கருவியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதை அந்த அலுவலகத்தில் யாரும் யோசிக்கவில்லை. அவளும்தான்.

2008ஆம் ஆண்டு மழையில் மலைப்பாதையோரத் தடுப்புச் சுவர்கள் சரிந்தன. அவற்றைக் கட்டும் டெண்டரை ஒரு நாள் மாலை நான்கு மணிக்குத் திறக்க வேண்டும். அதிகாரியின் கீயும் கண்காணிப்பாளர் யோகராஜின் கீயும் சேர்ந்தால்தான் திறக்கும். அன்று காலையில் அவசரக் கூட்டம் என்று ராஜ்மோகன் திண்டுக்கல்லுக்கு இறங்கிவிட்டார். மாலையில் அங்கிருந்து போன் செய்தார்.

"கீ உங்ககிட்டதானம்மா இருக்கு. வெரசா திறந்து முடிச்சிருங்க. காண்ட்ராக்டருங்க போன் மேல போன் போடுறாங்க."

"சார், நீங்க இல்லாம..."

"போன தடவையும் நீங்கதான போட்டீங்க?"

போன தடவை அவர் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒப்பந்ததாரர்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அய்யம்பாளையத்துக்காரர் நல்லசாமியின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"முந்தியெல்லாம் டெண்டர் போடப் பெட்டி இருந்துச்சு, குலுக்கியாச்சும் பாப்போம். இப்ப நம்ம ரேட்டு எந்த ஊர்ல கெடக்குன்னே தெரியல."

"சாரு ஜீப்பு காலையில வெள்ளனே மலைப்பாதையில டம்டம் பாறைகிட்ட இறங்குச்சே. அப்புறம் யாருண்ணே திறக்குறது?" என்றான் மூக்கையா என்கிற இன்னொரு ஒப்பந்ததாரர்.

"அதான் மிஷினு இருக்குல்ல. அதுக்கு ஆளு எதுக்கு?"

அவர்கள் சிரித்தார்கள். ஜீப் போனது அவர்களுக்குத் தெரியும். டெண்டர் கிடைக்காதவன் ஒரு மனு போட்டால் முதலில் கேட்கப்படுவது அவள்தான். திறக்க மாட்டேன் என்றாலோ, மாறுதல். எதிர்த்துப் பேசிய ஒருவரை முன்பு நடு வருடத்தில் வேடசந்தூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகள் ஸ்வேதாவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. கணவர் ஜெயமுருகன் பழனியில் கடை வைத்திருந்தார். வாரம் ஒருமுறைதான் வருவார். மாறுதல் என்றால் ஊர் போகும். இது பிடிபட்டால் வேலையே போகும்.

யோகராஜ் தன் கீயைச் செருகிவிட்டு எழுந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். "நம்மட வேலை முடிஞ்சுது மேடம். இனி நீங்கதான்."

அவள் கீயைச் செருகிக் கடவுச்சொல்லைப் பாதிவரை அடித்தாள். கை நின்றது. திண்டுக்கல் கூட்டத்தில் நுழைகிற எவரும் முதலில் என்ன செய்வார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்தாள்.

"சார், கூட்டத்துல வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"வந்ததுமே போட்டேன். இப்ப எதுக்கும்மா அது?"

"இன்னிக்கு நாலு மணிக்கு நீங்க கொடைக்கானல்ல டெண்டர் திறந்தீங்கன்னு கம்ப்யூட்டர்லயும் பதிவாகும் சார்."

மறுமுனையில் யாரோ மைக்கில் புள்ளிவிவரம் வாசிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்குக் காலையில நானே வந்து திறக்கிறேன். அவங்களப் போகச் சொல்லுங்க."

நல்லசாமி படியிறங்கும்போது, "மலையேறி வந்தது டீ குடிக்கத்தான் போல மேடம்" என்றார்.

இதைத் துணிச்சல் என்று சொல்லத் தோன்றவில்லை. பயந்தவள் சற்றுக் கூர்மையாக யோசித்தாள், அவ்வளவுதான். துணிச்சலாக இருந்திருந்தால் அதற்குப் பிறகு தூக்கமாவது வந்திருக்கும். மறுநாள் ராஜ்மோகன் டெண்டரைத் திறந்துவிட்டு கீயைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. தபால் வரும்போதெல்லாம் தன் பெயருக்கு மாறுதல் உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை என்றால், நாளைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டாள். கை மட்டும் பழக்கத்தில் இழுப்பறைக்குப் போய் முத்திரைக்குப் பக்கத்தில் தடவிவிட்டுத் திரும்பும்.

சில நாள் கழித்து மறுபடி திண்டுக்கல் கூட்டம். ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருக்க, ராஜ்மோகன் அவள் மேசைக்கு வந்து கீயை வைத்தார்.

"என் பையில கெடந்தா துணியோட சோப்புத் தண்ணிக்குப் போயிரும். உங்ககிட்டயே இருக்கட்டும். பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

அவளுக்கு நெஞ்சு இளகியது. வேறு ஊருக்கு அனுப்ப நினைப்பவர் இதைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார். கையில் எடுத்த பிறகுதான் பார்த்தாள்: கீயைச் சுற்றி ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. புதுக் கடவுச்சொல், அவருடைய கையெழுத்திலேயே.

முழுதாகப் படிக்காமல் உரித்து எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள்.

"சார், இதை நீங்க வச்சுக்கங்க."

"மறந்துருவேன்மா."

"மறந்தா எனக்குப் போன் போடாதீங்க சார். எனக்குத் தெரியாது."

டிரைவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜ்மோகன் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜீப் பனிக்குள் இறங்கியது.

மாறுதல் பட்டியல் மே மாதம் வரும். அவள் கீயை முத்திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். உட்கார்ந்த பிறகு எழுந்து இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.