தன்னாமுனையில் கடைசி ஆட்டம்

எங்கள் பொடியன்கள் பதினாறு பேர், கோச், பஸ் ஓட்டும் நான், நடுவர், தன்னாமுனை அணி, ஆட்டம் பார்க்க வந்த அந்த ஊர்த் தோணிக்காரர்கள் எல்லோரும். இவ்வளவு பேரும் வாவிக்கரை மைதானத்தில் நிற்கிறோம். உதைபந்து லீக்கில் இந்த வருடத்துக் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம். பிறகு பொடியன்களுக்கும் எனக்கும் சம்பளம் இல்லை. வெளியூரில் நாங்கள் இம்முறை ஒரு கோலும் போட்டதில்லை. ஒரு கோலும் வாங்காமல் சமநிலையில் முடித்தால்தான் தப்பலாம்.

பின்னேர வானம் மழைக்கு மூடிக் கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் தோணிக்காரர் வெற்றிலை மெல்லுகிறார்.

"டிரைவர் அண்ணன், போகக்குள்ள பஸ் பாரமா இருக்கும். கோல் ஏத்திட்டுப் போகப்போறீங்க."

ஆட்கள் சிரிக்கிறார்கள். நடுவர் நாணயத்தைச் சுண்டியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தி வாவியைப் பார்க்கிறார்கள்.

"என்ன பாக்கிறீங்க?"

"மெல்லப் பேசுங்க. இப்ப தண்ணியில அடி விழும், வலைக்கு மீன் கலைக்கிற மாதிரி."

"ஆர் அடிக்கிறது?"

"தெரியா. ஆட்ட நாளில நாங்க ஒருத்தரும் தோணி இறக்கிறல்ல. எத்தின அடி கேக்குதோ, அத்தின கோல் எங்கட பொடியன்கள் போடுவாங்க. இந்த வருஷம் ஒருக்காவும் பிழைக்கல்ல."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். தோணிகளெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. வாவியில் ஒருவரும் இல்லை. கோல் கம்பத்தடியில் எங்கள் கோலி கையுறையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைக்கிறான்.

தண்ணீரில் அடி விழுகிறது. நான் எண்ணுகிறேன்.

மூன்று.