படாளத்திலிருந்து நெம்மேலிக்கு ஒரு ஆட்டுக்குட்டியோடு

எங்க வூட்டுக்காரர் செத்து ரெண்டு மாசம்கூட ஆகல, குட்டியைக் கொடுக்கிற முறை வந்துடுச்சு. படாளத்துல எங்க மகளிர் குழுவுக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஆடு கொடுத்தது. காசு கட்ட வேண்டாம். முதல்ல பொறக்கிற பொட்டக்குட்டியை, ஆடே இல்லாத வேற ஊர் பொம்பளைக்கு நாமளே கொண்டுபோய்க் கொடுக்கணும். அப்படிக் கொண்டு போகப்போறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். அஞ்சாவதுதான் படிச்சேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

தாய் ஆட்டுக்குப் பால் சுரக்கல. எங்க வூட்டுக்காரர்தான் படுத்த படுக்கையிலயும் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். அவர் போனதுக்கு அப்புறம் குட்டி அந்தக் கட்டிலுக்கு அடியிலயே கிடக்கும். இதுக்குப் பதிலா அடுத்து பொறக்கிற குட்டியைத் தரட்டுமான்னு நிறுவனத்துப் பொண்ணுகிட்ட கேட்டேன். "உங்க இஷ்டம்க்கா. அடுத்த ஈத்து வரைக்கும் நெம்மேலியில அந்தம்மா காத்துகினு இருப்பாங்க" என்றாள். அதட்டியிருந்தா நானும் முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.

காலையில ஆறரைக்குப் படாளம் கூட்ரோட்டுல செங்கல்பட்டு டவுன் பஸ். பொம்பளைங்களுக்கு இலவசம்.

"இன்னாம்மா, ஆட்டுக்கும் ஓசியா?" என்றார் கண்டக்டர்.

"இதுவும் பொட்டதான் அண்ணாத்த."

பஸ்ஸே சிரிச்சுது. லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுட்டுத்தான் விட்டார்.

செங்கல்பட்டுலேருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம், ஒரு மணி நேரம். அங்கேருந்து நெம்மேலிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபா. டிரைவர், "கறிக்காம்மா?" என்றார். "இல்லப்பா, வாழப் போவுது" என்றேன். "அப்ப சீரு எங்க?" என்று கேட்டுட்டு வண்டியை மெதுவா ஓட்டினார். கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற பிளான்ட்டைத் தாண்டி இறங்கணும்.

குட்டியை வாங்கிக்கிறவங்க பேரு தேசம்மா. மீன் கழுவுற கூலி வேலை. ஓலைக் கொட்டகை போட்டு, வேப்பந்தழை கட்டி வச்சிருந்தாங்க. புதுக் கயிறு போட்டு, பழசை அவிழ்த்து என்கிட்ட நீட்டினாங்க. ஆடு மாடு கைமாறினா பழைய கயிறு கொடுத்தவங்களுக்கு. வூட்டு அதிர்ஷ்டம் கூடவே போயிடக் கூடாதுன்னு அப்படி ஒரு வழக்கம்.

அது அவர் கையால திரிச்ச கயிறு. வாங்கிக்கிட்டேன்.

குட்டி தழையை மோந்துகூடப் பார்க்கல. கத்திகினே இருந்துச்சு. எவ்வளவு நேரம்தான் கேட்டுகினு இருக்கிறது? பழைய கயித்தையே திரும்ப அதோட கழுத்துல போட்டேன். வாசனை தெரிஞ்சிருக்கும் போல, கத்தல் அடங்குச்சு.

"ஐயோ, உன் அதிர்ஷ்டம் போயிடும்க்கா" என்றாங்க தேசம்மா.

"போவட்டும். உன் வூட்டுக்குத்தான வருது."

கொஞ்ச நேரத்துல ஒரு இலையைக் கடிச்சுது. அதுக்கப்புறம்தான் எழுந்தேன்.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். குட்டிக்குக் கீழ விரிக்கக் கோணி எடுத்துக்கோங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேருங்க. விட்ட கையோட கிளம்பாதீங்க, அது ஒரு வாய் தின்னட்டும். திரும்பி வரும்போது மடி வெறுமையா இருக்கும். ஒரு பை எடுத்துட்டுப் போங்க, மடியில வச்சிகினு வரலாம்.